மேற்கு ஓரத்தில் பன்னிரண்டு சால்

2021 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை, விலாபம்பா ஊர்க்கூட்டத்தில் அனக்ளேத்தோ வராச்சியின் ஒன்பது ஹெக்டேர் நிலத்தைத் தனக்குத் தரும்படி வில்தேர் கேட்டான். அவன் வேறு யாருமல்ல, அனக்ளேத்தோவின் மனைவி எமெத்தேரியாவின் அண்ணன் மகன். வயது முப்பத்துமூன்று. எட்டு ஆண்டுகள் எல்லைக்கு அப்பால் சிலி நாட்டுச் செப்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். பெருந்தொற்று ஆண்டில் வேலை போய், மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் திரும்பி வந்து, அப்பாவின் தானியக் கொட்டடியில் குடியிருந்தான். அப்பாவின் நிலம் அண்ணன்கள் மூவருக்கே போதவில்லை.

கேட்டதில் முறை தவறவில்லை. விலாபம்பாவில் நிலம் முழுவதும் ஊருக்குச் சொந்தம். உழைக்கிறவன் கையில் இருக்கும்வரை அது அவனுடையது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வேலை நடக்காத நிலத்தை, ஊரில் வந்து குடியிருக்கும் யாரும் கேட்கலாம்.

அந்த ஆண்டு ஊர்த் தலைமைக்கு அடையாளமான கோல் செனோபியோ வில்காவிடமும் அவர் மனைவி ஃபோர்துனாத்தாவிடமும் இருந்தது. கோலை எப்போதும் கணவனும் மனைவியும் சேர்ந்தேதான் ஏற்பார்கள். செனோபியோ, அனக்ளேத்தோவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். அவர் சுற்றி வளைக்கவில்லை. கடைசியாக எப்போது உழுதாய் என்று கேட்டார். 2014 மார்ச்சில் என்றார் அனக்ளேத்தோ.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஊரையே உழுதவருக்குத் தன் நிலத்தை உழ மட்டும் டீசல் இல்ல போலிருக்கு."

கூட்டம் சிரித்தது. எமெத்தேரியா சிரிக்கவில்லை. எழுந்து நின்று, அங்கே ஆயிரத்து ஐந்நூறு தோலாச் செடி நட்டிருப்பதாகவும், அத்தனைக்கும் தன் முழங்காலே சாட்சி என்றும் சொன்னார். அது எடுபடவில்லை. தோலா என்பது அந்தச் சமவெளியில் யாரும் நடாமலே வளரும் புதர். அடுப்பெரிக்க வெட்டுவது, உழுவதற்குமுன் பிடுங்குவது, இந்த இரண்டைத் தவிர அதற்கு மூன்றாவது பயன் இருப்பதாக யாரும் நினைத்ததில்லை. அதைப் பிடுங்கத்தானே டிராக்டர் வாங்கினோம் என்றார் ஒருவர். அதுவும் உண்மைதான்.

கடைசியில் ஒரு தவணை கொடுத்தார்கள். செப்டம்பர் 12 அன்று ஊர்ப் பெரியவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். வேலை நடந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் நிலம் அனக்ளேத்தோவுடையது, இல்லாவிட்டால் வில்தேருடையது.

"வேலைன்னா?" என்று கேட்டார் அனக்ளேத்தோ.

"மண்ணு புரண்டிருக்கணும்ப்பா. உனக்கா சொல்லித் தரணும்?" என்றார் செனோபியோ.

அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லைதான். 1983-இல் ஊர்ச் சங்கம் டிராக்டர் வாங்கியபோது, ஓட்டப் பழகிவர ஒருரோ நகரத்துக்கு மூன்று வாரம் அனுப்பப்பட்டவர் அனக்ளேத்தோ. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. அதுவரை ஊரின் சாப்பாட்டுத் தானியமான கினோவா மலைச்சரிவில்தான் விளைந்தது. கைக்கருவியால் குழி போட்டு விதைப்பார்கள். கீழே சமவெளி, கம்பளிக்கும் எருவுக்கும் வளர்த்த லாமாக்கள் மேய்வதற்கு. அவர் சட்டிக் கலப்பையோடு இறங்கிய முதல் நாள், ஒரு குடும்பம் ஒரு மாதம் பாடுபட வேண்டிய இரண்டு ஹெக்டேர் நண்பகலுக்குள் புரண்டுவிட்டது. வேரோடு வந்த தோலாவைப் பெண்கள் குவியல் குவியலாக ரொட்டி அடுப்புக்குக் கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள்.

அதன்பின் முப்பத்தோரு பருவங்கள். விலாபம்பாவின் சமவெளி 1,260 ஹெக்டேர். அதில் 1,100 ஹெக்டேருக்குக் குறையாமல் முதல் உழவுச் சால் ஓட்டியவர் அவர்தான். கினோவாவை வெளிநாட்டார் விரும்பி வாங்கத் தொடங்கிய ஆண்டுகளில் ஒரு நாளில் பதினாறு மணி நேரம்கூட ஓட்டியிருக்கிறார். லாமாக்களுக்கு மேய்ச்சல் இல்லாமல் போயிற்று, விற்றார்கள். லாமா போனதும் எருவும் போயிற்று. ஓய்வு விட்ட நிலத்தில் திரும்ப எதுவும் முளைக்கவில்லை, ஏனென்றால் விதை விழுவதற்குச் சுற்றுவட்டாரத்தில் ஒரு புதரும் இல்லை. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை அடிக்கும் மேற்குக் காற்றுக்கு அந்த நிலம் முழுவதும் திறந்து கிடந்தது.

2014-இல் அவர் தன் நிலத்தில் மூன்று முறை விதைத்தார். மூன்று முறையும் முளை இரண்டு இலை விடும் சமயத்தில் மணல் மூடியது. மூன்றாவது முறை, அக்டோபர் 19 அன்று, மூடிய வரிசைகளை விரலால் கிளறிப் பார்த்துக்கொண்டே போனவர், எல்லைக் கற்குவியலை ஒட்டித் தப்பி நின்ற ஒரே ஒரு தோலாப் புதரருகே நின்றார். புதரின் கிழக்குப் பக்கத்தில் பதினோரு கினோவா முளைகள் நிமிர்ந்து நின்றன. குனிந்து தோண்டினார். ஒரு சாண் ஆழத்தில் மண் ஈரமாக இருந்தது. கடைசி மழை பெய்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அன்று அவர் வீட்டுக்குப் போய் எமெத்தேரியாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார், அதுவும் சுன்யோ என்னும் காய்ந்த உருளைக்கிழங்கு போட்ட சூப்பைக் குடித்துக்கொண்டே. "தப்பு பண்ணிட்டேன் போலிருக்கு."

"எந்தத் தப்பச் சொல்றீங்க? நிறைய இருக்கு" என்றார் எமெத்தேரியா.

பிறகு இருவரும் அந்த நிலத்தில் தோலா நடத் தொடங்கினார்கள். இருபது மீட்டருக்கு ஒரு வரிசை, காற்றுக்குக் குறுக்காக, வடக்கு தெற்காகப் பதினைந்து வரிசை. வரிசைக்கு நூறு செடி. நாற்றுகளை வீட்டு முற்றத்தில் பால்மாவுத் தகரங்களில் வளர்த்தார்கள். 2017 முதல் ஒவ்வொரு மழைக்காலமும் நட்டார்கள். ஒரு சாண் ஆழக் குழி, அதன் அடியில் ஒரு பிடி லாமா எரு, அதன்மேல் செடி; குழியை மண்ணால் மூடாமல் பள்ளமாகவே விட்டார்கள். செத்த இடத்தில் மறு ஆண்டு மறுபடி. வரிசைகளுக்கு நடுவே கிலாகிலா விதைத்தார்கள். அது மலையில் நீலப் பூப் பூக்கும் காட்டுப் பயறுச் செடி. மண்ணுக்கு உரம் சேர்ப்பது. அதன் விதைத்தோல் கல்போல இருக்கும், பத்தில் மூன்றுதான் முளைக்கும். நான்காம் வரிசையிலிருந்து கிழக்கே எல்லாம் நன்றாகப் பிடித்து, 2021-இல் இடுப்பளவு வந்திருந்தன. மேற்கு ஓரத்து முதல் மூன்று வரிசைகள்தான் நிற்கவே இல்லை. அவற்றை நான்காவது முறையாக அந்த பிப்ரவரியில் நட்டிருந்தார்கள். முந்நூறு செடி.

2020 நவம்பரில் ஒருரோவிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்து மண்ணை அளந்தார். உழுத பக்கத்து நிலத்தைப்போல மூன்று மடங்கு ஈரம் இங்கே இருப்பதாகச் சொன்னார். இப்போதெல்லாம் மழை ஒரு மாதம் தள்ளித்தான் வருகிறது. இப்படிப்பட்ட மண்தான் அதுவரை தாக்குப்பிடிக்கும் என்றார். அதோடு, காற்றில் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்ட கரியமில வாயுவைச் செடிகள் இழுத்து மண்ணுக்குள் வைக்கின்றன, உலகம் முழுவதும் இப்படிச் செய்தால் வெப்பம் ஏறுவதைக் கொஞ்சமாவது தடுக்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். எமெத்தேரியா கிணற்றடியில் இதை மற்ற பெண்களுக்கு இப்படிச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷமா மண்ணுல இருந்தத காத்துல விட்டாரு. இப்ப அதத் திருப்பிக் கேக்கறாங்களாம்."

இவ்வளவும் இருந்தும் ஊருக்குக் காட்டப் புரண்ட மண் இல்லை.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அனக்ளேத்தோ சரியாகச் சாப்பிடவில்லை. வில்தேர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தான். முதல் முறை அத்தைக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு கொண்டுவந்தான். இரண்டாம் முறை, ஆகஸ்ட் 22 அன்று, வாசலிலேயே நின்று பேசினான்.

"எனக்கு உங்ககிட்டப் பகை ஒண்ணும் இல்ல மாமா. புள்ளைங்க ரெண்டும் கொட்டடில இருமிக்கிட்டுக் கிடக்குது. நீங்க புதர் வளக்கற நிலத்துல நான் சோறு வளக்கறேன்னுதான் கேக்கறேன்."

"உழுதா மூணு வருஷம் விளையும். அப்புறம் மணல்தான்."

"நீங்க முப்பது வருஷம் உழுது சாப்பிட்டீங்க. எனக்கு மூணு வருஷம் கூடாதா?"

 அந்தக் கேள்வி அனக்ளேத்தோவுக்குள்ளேயே தங்கிவிட்டது. செப்டம்பர் பிறந்ததும் அவர் கணக்குப் போடத் தொடங்கினார். பலத்த காற்று வழக்கமாக மாதத்தின் பின்பாதியில்தான் எழும். பெரியவர்கள் வருவது 12-ஆம் தேதி. மேற்கு ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை உழுதால், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். அவர்கள் பார்த்துவிட்டுப் போனதும் அன்றைக்கே வைக்கோலும் வெட்டிய புதரும் போட்டு மூடிவிடலாம். நான்கைந்து நாள் திறந்து கிடந்தால் போதும். இந்த யோசனையை அவர் எமெத்தேரியாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நடந்திருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

செப்டம்பர் 7, செவ்வாய்க்கிழமை, எமெத்தேரியா சந்தைக்குப் போயிருந்தார். காலை ஒன்பது இருபதுக்கு அனக்ளேத்தோ சங்கத்து டிராக்டரைக் கிளப்பினார். சாவி இன்னும் அவரிடம்தான் இருந்தது. ஒரு மீட்டர் அகலச் சால், முந்நூறு மீட்டர் நீளம், போக வரப் பன்னிரண்டு சால். கை எதையும் மறந்திருக்கவில்லை. ஏழு ஆண்டு கழித்தும் சால் நூல் பிடித்ததுபோல வந்தது. ஐந்தாவது சாலில் தனக்குச் சந்தோஷமாக இருப்பதைக் கவனித்தார். அதைக் கவனித்ததும் கால் பிரேக்கைத் தேடியது. ஆனாலும் நிறுத்தவில்லை. பத்து முப்பத்தைந்துக்கு முடித்தார்.

சாயங்காலம் எமெத்தேரியா வந்து பார்த்தார். ஒரு சாலில் இறங்கிக் கட்டியைக் காலால் உடைத்தார். பிறகு கேட்டார். "யாரு சொல்லி உழுதீங்க?"

"பயந்துட்டேன்."

"எனக்கும்தான் பயம். நான் கலப்பையா பூட்டினேன்?"

மறுநாள் காலையே இருவரும் வைக்கோல் பரப்பத் தொடங்கினார்கள்; பெரியவர்களுக்குக் காட்ட ஒரு மூலையை மட்டும் விட்டுவிடலாம் என்று எமெத்தேரியா சொல்லியிருந்தார். மாலைக்குள் வடக்குப் பக்கம் ஐம்பது மீட்டர் மூடினார்கள். வீட்டில் இருந்த வைக்கோல் அவ்வளவுதான்.

காற்று 9-ஆம் தேதி காலை பதினொன்றுக்கு எழுந்தது. அந்த மாதத்தின் பின்பாதி வரை அது காத்திருக்கவில்லை. அன்றும் மறுநாளும் சமவெளியில் எதிரே இருப்பது தெரியவில்லை. அனக்ளேத்தோ முகத்தில் துணி கட்டிக்கொண்டு வெளியே போகப் பார்த்தார். எமெத்தேரியா கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். போய் என்ன செய்யப் போகிறீர்கள், மணலைக் கையால் பிடிப்பீர்களா என்று கேட்டார். அவர் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கூரைத் தகரத்தில் மணல் விழும் சத்தத்தை இருவரும் இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

11-ஆம் தேதி, சனிக்கிழமை காலை, காற்று தணிந்தபின் போய்ப் பார்த்தார்கள். வைக்கோலில் பாதி வேலியில் தொங்கியது. தென்கோடியைத் தவிர, பன்னிரண்டு சாலும் இருந்த இடம் தெரியாமல் வழவழப்பாகக் கிடந்தது. புரட்டிய மண் இடம் பெயர்ந்து, முதல் வரிசைச் செடிகளுக்கென்று தோண்டிய குழிகளை ஒன்றுவிடாமல் நிரப்பியிருந்தது. இரண்டாம் வரிசையும் அப்படியே. மூன்றாம் வரிசையில் செடிகள் வெளியே தெரிந்தன, ஆனால் மணல் அறைந்து இலை உதிர்ந்து ஈர்க்குச்சியாக நின்றன. பிப்ரவரியில் நட்ட முந்நூறில் செப்டம்பர் முதல் தேதி உயிரோடு இருந்தவை 187. நான்கு முறை நட்டுக் கிடைத்தவை அவ்வளவுதான்.

நான்காம் வரிசையில் மணல் நின்றிருந்தது. இடுப்பளவுத் தோலாக்களின் காலடியில் ஒரு முழ உயரக் கரைபோலச் சேர்ந்து கிடந்தது. அதற்குக் கிழக்கே கிலாகிலாத் தூர்கள் இருந்தபடியே இருந்தன.

எமெத்தேரியா முதல் வரிசையில் மண்டியிட்டுத் தோண்டத் தொடங்கினார். கணவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் பெரியவர்கள் ஏழு பேர் வந்தார்கள். வில்தேரும் வந்தான். ஓரத்தில் நின்று வழக்கப்படி கோக்கா இலையைப் பகிர்ந்து மென்றுகொண்டு, மண் தாய்க்கு மூன்று மூலையில் சாராயம் தெளித்தார்கள். செனோபியோ வேலி ஓரமாக நடந்து, டிராக்டர் திரும்பிய தடத்தைப் பார்த்தார். பட்டையின் தென்கோடியில் இன்னும் கட்டிகள் தெரிந்தன. கோலால் ஒரு கட்டியைத் தட்டினார்.

"புரண்டிருக்கு. பன்னிரண்டு சால். வேலை நடந்திருக்கு. நம்ம பேச்சு முடிஞ்சுது வில்தேர்" என்றார்.

வில்தேர் முகம் வெளுத்துப்போய் நின்றான். அனக்ளேத்தோ பேசாமல் இருந்திருந்தால் ஒன்பது ஹெக்டேரும் அவர் கையில் நின்றிருக்கும். அந்த ஒரு நொடியை அவர் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தார். பேசாமல் இருக்கத்தான் நினைத்தார். ஆனால் எமெத்தேரியா அப்போதும் இரண்டாம் வரிசையில் முதுகைக் காட்டிக்கொண்டு தோண்டிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் வந்ததற்காக அவர் எழுந்திருக்கவில்லை.

"அது வேலை இல்ல செனோபியோ" என்றார் அனக்ளேத்தோ.

"பின்ன என்ன?"

"உங்களுக்குக் காட்ட உழுதது. அஞ்சே நாள் திறந்து கெடந்துச்சு. என் பொண்டாட்டி என்ன தோண்டுறான்னு போய்ப் பாருங்க. இதத்தான் வேலைன்னு எழுதிக்கிட்டீங்கன்னா, வருஷா வருஷம் உங்களுக்காக நான் இதச் செய்யணும். என்னால முடியாது."

 ஃபோர்துனாத்தாதான் முதலில் நகர்ந்தார். முதல் வரிசையிலிருந்து நான்காம் வரிசைவரை நடந்து, மணல் கரைகட்டி நின்ற இடத்தில் குனிந்து, ஒரு தோலாவின் அடியில் கையை விட்டார். வெளியே எடுத்து விரல்களைப் பார்த்தார். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். செனோபியோ தானும் தோண்டிப் பார்த்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் அந்த இரண்டு நாளில் சுவர்ப்பக்கம் மணல் ஏறியிருந்தது. விதைத்தவர்கள் விதையை இழந்திருந்தார்கள். ஆனால் அதை யாரும் அங்கே சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது. புதர் வளர்ப்பதையும் வேலை என்று ஒப்புக்கொண்டால் நாளைக்கு ஊரில் இல்லாதவர்கள்கூட நிலத்தைப் புதராக விட்டுவிட்டு உரிமை கேட்பார்கள் என்றார் ஒருவர். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. முடிவில் மணல் நின்ற கோட்டையே எல்லையாக வைத்தார்கள். நான்காம் வரிசையும் அதற்குக் கிழக்கே உள்ளதும், 6.6 ஹெக்டேர், அனக்ளேத்தோவிடம் இருக்கும்; அதுவும் இரண்டு ஆண்டுக்கு மட்டும், பிறகு கோல் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். மேற்கே உள்ள 2.4 ஹெக்டேர் வில்தேருக்கு. மூன்று வரிசைகளும் அதற்குள் போய்விட்டன.

அனக்ளேத்தோ இதை எதிர்த்துப் பேசவில்லை. மேற்குப் பக்கம் புரண்டால் நான்காம் வரிசை எத்தனை ஆண்டு மணலைத் தாங்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் யாருமில்லை. அதிகம் போனால் மூன்று.

எல்லோரும் போனபின் வில்தேர் நின்றான். தன் நிலத்தில் இன்னமும் தோண்டிக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்தான்.

"அத்தை, எழுந்திருங்க. அது இனிமே என்னுது."

"நிலம் உன்னுது. செடி என்னுது" என்றார் எமெத்தேரியா, தலையைத் தூக்காமல்.

வில்தேர், அத்தை இன்னும் தோண்டாத வரிசைக்குப் போய் உட்கார்ந்தான். அன்று மாலைக்குள் மூவருமாக 187 செடிகளையும் மணலிலிருந்து விடுவித்தார்கள். போகும்போது அனக்ளேத்தோவிடம் சொன்னான்.

"இந்த வருஷம் குழி போட்டு விதைக்கறேன் மாமா, தாத்தா காலத்து மாதிரி. உங்க செடிங்களத் தொடல. ஆனா வாக்குக் குடுக்கல. விளையலன்னா உழுவேன்."

"சரி" என்றார் அனக்ளேத்தோ. வேறென்ன சொல்ல முடியும்.

வில்தேர் செப்டம்பர் கடைசியில் விதைத்தான். அக்டோபரில் மறுபடி காற்று அடித்தது, இரண்டு முறை. குழிகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் முளை தங்கியது. மழை 2022 ஜனவரி 9 அன்று வந்தது, வர வேண்டிய நாளுக்கு இருபத்தாறு நாள் கழித்து. தோண்டி எடுத்த தோலாக்களில் அதுவரை பிழைத்திருந்தவை 61. ஏப்ரலில் வில்தேர் அறுத்த கினோவா ஏழு மூட்டை. நான்கு பேர் சாப்பிடப் போதும், விற்கப் போதாது.

அதற்கு முன்பே, மார்ச் 13 அன்று, கதிர் இன்னும் பச்சையாக நின்றபோதே, அவன் அனக்ளேத்தோ வீட்டு வாசலுக்கு வந்தான். ஈரம் இருக்கும்போதே, அடுத்த விதைப்புக்கென உழும் மாதம் அது. காலியாக விட்டிருந்த தெற்கு மூலையில் அரை ஹெக்டேர் மட்டும் உழ வேண்டும், சங்கத்து டிராக்டர் வேண்டும், வேறு ஓட்டுநருக்குக் கொடுக்கத் தன்னிடம் எதுவும் இல்லை என்றான். கேட்கும்போது அவரைப் பார்க்கவில்லை.

அனக்ளேத்தோ சாவியை எடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. உள்ளே போய் எமெத்தேரியாவிடம் சொன்னார். முற்றத்தில் புது நாற்றுகள் 140 இருந்தன; கிழக்கு வரிசைகளில் செத்தவற்றுக்குப் பதிலாக நட வைத்திருந்தவை. எமெத்தேரியா அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உழுதுதான் ஆகணும்னா உழுங்க. அன்னைக்கே மேற்கே இதையெல்லாம் நட்டுடணும். அவனும் வந்து குழி தோண்டணும். காத்துக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு."

"அஞ்சு மாசத்துல வேர் பிடிக்காது" என்றார் அனக்ளேத்தோ.

"தெரியும்" என்றார் எமெத்தேரியா.

அரை ஹெக்டேர் மார்ச் 15 அன்று உழப்பட்டது. அன்று மாலைக்குள் மேற்கு ஓரத்தில் 140 செடியும் நட்டாயிற்று. வில்தேரின் மனைவியும் வந்திருந்தார். அனக்ளேத்தோ டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து கடைசி இருபது குழிகளைத் தானே தோண்டினார். ஒவ்வொன்றும் ஒரு சாணைவிட இரண்டு விரல் ஆழம் கூடுதலாக, ஈரத்துக்கு இன்னும் பக்கமாக.